நிமிஷத்துக்கு அறுபத்தாறு

"அந்த டாக்டர் தூக்குல தொங்கணும்னு நான் கேக்கல," என்றாள் சண்முகவடிவு. "தொங்கினா அரை நிமிஷத்துல முடிஞ்சு போயிரும். அது எனக்குப் பத்தாது."

ராயப்பேட்டையில் கடிகாரக் கடை ஒன்றின் மாடியறை அது. ஒரு மேஜை, மூன்று நாற்காலி, காற்றைவிடச் சத்தத்தை அதிகமாகத் தரும் ஒரு மின்விசிறி. மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த துப்பறியும் ஷரஃபுதீன் ஒரு காலத்தில் ஆஸ்பத்திரி கம்பவுண்டர். மருந்து அலமாரியில் கை வைத்தது யார் என்று கண்டுபிடித்துச் சொன்னார். கை வைத்தவர் மேலதிகாரியாக இருந்ததால் வேலை போயிற்று. அன்றிலிருந்து கண்டுபிடிப்பதையே தொழிலாக்கிக்கொண்டுவிட்டார்.

"மாமி கேக்கறது நியாயம்தான் பாய்," என்றது ஜன்னலோரமாக ஒரு குரல். "தூக்குன்னா கயிறு, மரம், டாக்டர் சர்ட்டிபிகேட்டுன்னு ஏகப்பட்ட தொந்தரவு. அதுவும் டாக்டரையே தூக்கில போட்டா சர்ட்டிபிகேட் யார் தர்றது?"

நாற்பதை நெருங்கும் மயிலாப்பூர்க்காரன் கிச்சா. ஷரஃபுதீனின் உதவியாளன். கையளவு டிரான்சிஸ்டர் ஒன்றைக் காதோடு அழுத்தியிருந்தான். இங்கிலாந்தில் இந்திய கிரிக்கெட் அணி அடி வாங்கிக்கொண்டிருந்த 1974 ஜூன் மாதம் அது. சாயங்காலம் வரப்போகும் வர்ணனைக்காகக் காலையிலேயே காதைத் தயார் பண்ணிக்கொண்டிருந்தான்.

"கிச்சா, கொஞ்சம் வாயை மூடு," என்றார் ஷரஃபுதீன். "அம்மா, முதல்லேருந்து சொல்லுங்க."

சண்முகவடிவு சொன்னாள். அழவில்லை. அழுகையெல்லாம் போன வருஷமே தீர்ந்துவிட்டிருந்தது.

அவள் புருஷன் சுயம்புலிங்கம் தியாகராய நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். தூத்துக்குடியிலிருந்து வந்து இருபது வருஷத்தில் ஊன்றிக்கொண்டவர். 1972-இல் ஒருநாள் பட்டுப்புடவையை விரித்துக் காட்டிக்கொண்டிருக்கும்போதே அதன்மேல் மயங்கி விழுந்தார். இதயம் நின்று நின்று ஓடுகிறது என்றார்கள். அடையாற்றில் சொந்தமாக நர்சிங் ஹோம் நடத்தும் டாக்டர் ஜவஹரிடம் போனார்கள். அமெரிக்காவில் படித்துவிட்டு வந்தவர். நெஞ்சில் பேஸ்மேக்கர் என்று ஒரு மெஷினை வைத்துத் தைத்துவிட்டால், அது மின்சாரத்தால் இதயத்தைத் தட்டித் தட்டி ஓட்டும் என்றார். செருப்புப் பாலிஷ் டப்பா அளவுதான் இருக்கும். உள்ளே பாட்டரி. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

"சர்க்கார் பர்மிட் வாங்கி அமெரிக்காவுலேருந்து வரவழைக்கணும்னாரு. அவுக வியாபாரி இல்லையா? ஒண்ணுக்கு ரெண்டா எழுதிப் போட்டாக. இப்ப வைக்க ஒண்ணு, ரெண்டு வருசம் கழிச்சு மாத்த ஒண்ணு. முதல் மெஷின் ஐப்பசிக்கு முன்னாடி வந்துச்சு. வச்சாங்க. அஞ்சாம் மாசம் அவுக போயிட்டாக."

"டாக்டர் என்ன சொன்னார்?"

"மெஷின் நல்லாத்தான் இருந்துது, இருதயம்தான் கைவிட்டுட்டுதுன்னாரு. நெருப்புல வெடிக்கும்னு, மயானத்துக்குக் கொண்டுபோறதுக்கு முன்னாடி மெஷினையும் வெட்டி எடுத்துக்கிட்டாரு." அவள் குரல் ஏறவில்லை, இறங்கவில்லை. "இப்ப அந்த ரெண்டாவது மெஷின் போன வாரம் மீனம்பாக்கத்துல வந்து இறங்கியிருக்கு. மறுநாளே டாக்டர் கடைக்கு வந்துட்டாரு. உங்களுக்கு அது பிரயோஜனப்படாது, நொச்சிக்குப்பத்துல புஷ்பம்னு ஒரு ஏழை மீன்காரிக்கு வச்சுவிடறேன், உங்க வீட்டுக்காரர் பேர்ல புண்ணியம்னாரு. ஆறு நாள்ல நாலு தடவை வந்துட்டாரு. நேத்து வந்தப்போ கை நடுங்குது."

அவள் முன்னால் சாய்ந்தாள்.

"அவுக போனப்போ ஒரு தடவை வீட்டுக்கு வந்து துக்கம் கேக்காத மனுசன். ஒரு மீன்காரிக்காக நாலு தடவை வாரான். ஏன்?"

ஷரஃபுதீன் பென்சிலைக் கையில் எடுத்தார். "உங்க வீட்டுக்காரர் இருந்தப்போ மெஷின் சரியா ஓடுதான்னு எப்படிப் பார்த்தீங்க?"

"ரேடியோ வச்சுத்தான்."

கிச்சா காதிலிருந்து டிரான்சிஸ்டரை எடுத்தான்.

"டாக்டர்தான் சொல்லிக் கொடுத்தாரு. சின்ன டிரான்சிஸ்டரை ஸ்டேஷன் இல்லாத இடத்துல திருப்பி நெஞ்சுமேல வச்சா, மெஷின் ஒவ்வொரு தடவை தட்டுறப்பவும் ரேடியோவுல 'டிக்'னு கேக்கும். நிமிஷத்துக்கு எழுபத்திரண்டு வரணும், குறைஞ்சா பாட்டரி தீருதுன்னு அர்த்தம்னாரு. தினம் காலையில காப்பிக்கு முன்னாடி நான்தான் எண்ணுவேன். 'என் நெஞ்சையே ரேடியோ ஸ்டேஷன் ஆக்கிட்டியே'ன்னு சிரிப்பாக. வீட்டுக்கு வந்த முதல் நாளே அறுபத்தாறு. போய்ச் சொன்னேன். ரேடியோ கோளாறுன்னாரு. வேற ரேடியோ வாங்கினேன். அதுலயும் அறுபத்தாறு. 'எண்ணுறதை விட்டுட்டு சாமி கும்பிடுங்க'ன்னாரு. கடைசி வாரம் அறுபதுக்கு வந்துட்டு."

ஷரஃபுதீன் காகிதத்தில் எழுபத்திரண்டு என்று எழுதினார். கீழே அறுபத்தாறு என்று எழுதினார். காகிதத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

"முதல் நாளே அறுபத்தாறுன்னா, அது முதல் நாள் பாட்டரி இல்லம்மா. முடியப்போற பாட்டரி."

"அப்போ அவுக நெஞ்சுல வச்சது..."

"பழசு. யாருக்கோ வச்சு எடுத்தது."

பதினைந்து மாதமாக ராத்திரியும் பகலும் அவள் உள்ளுக்குள் உருட்டிக்கொண்டிருந்த சந்தேகம்தான். அதை இன்னொருவர் வாயிலிருந்து கேட்டபோது காதெல்லாம் சூடேறியது. நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்தாள். வளையலில்லாத கைகள்.

"புதுசு எங்கே?" என்றாள்.

"அது பாலிஷ் டப்பா மாதிரி பரண்ல கிடக்காது மாமி," என்றான் கிச்சா. இந்தத் தடவை அவன் குரலில் விளையாட்டு இல்லை. "ஏதோ ஒரு நெஞ்சுக்குள்ளேதான் ஓடிண்டு இருக்கும். யாராவது மந்திரியோ, மில் முதலாளியோ."

"வச்சும் இருபது மாசம் ஆச்சு. அந்த பாட்டரியும் தீரப்போவுது," என்றார் ஷரஃபுதீன். "அதனாலதான் ரெண்டாவது மெஷினுக்கு இந்த அவசரம். நமக்குத் தேவை அந்த நெஞ்சு. மொதல்ல மீன்காரியைப் பாத்துடுவோம். வண்டி இருக்கா?"

"கீழ பியட் நிக்கு. நானும் வாரேன்."

"நீங்க எதுக்கும்மா?"

"அந்த நெஞ்சை நான் பாக்கணும்," என்றாள் சண்முகவடிவு.

*

கிச்சா வண்டியை ஓட்டினான். நொச்சிக்குப்பத்தில் ரோட்டோரமாகவே மீன் விற்றுக்கொண்டிருந்தார்கள். புஷ்பம் எங்கே என்று கேட்கும் முன்பே ஒரு கூடைக்காரி கிச்சாவைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னா நைனா, மீன் வோணுமா, சும்மா பாத்துக்கினு போறியா?"

"மீன் வேண்டாம்மா. புஷ்பம்னு ஒருத்தர், நெஞ்சு வலிக்காரர்..."

"நான்தான் புஷ்பம். எனுக்கு இன்னா நெஞ்சு வலி? இந்தக் கூடையைத் தூக்கிக்கினு லஸ் வரைக்கும் நடக்கிறேன் தெனம். நீ தூக்கு, பாக்கலாம்."

கிச்சா தூக்கிப் பார்த்தான். கூடை தரையை விட்டு ஓர் அங்குலம் எழும்பி, நான்கு வஞ்சிரத்தோடு மறுபடி உட்கார்ந்துகொண்டது.

"பாய்," என்றான் மூச்சு வாங்க, "இந்தம்மாவுக்கு மெஷின் வேண்டாம். எனக்கு வேணும்னா ஏற்பாடு பண்ணுங்கோ."

புஷ்பம் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சாக்கில் கிச்சா டிரான்சிஸ்டரைத் திருகி அவள் தோளருகே நீட்டினான். வெறும் இரைச்சல். ஒரு 'டிக்' கூட இல்லை.

"அடையாறு டாக்டரைத் தெரியுமாம்மா?" என்று கேட்டார் ஷரஃபுதீன்.

"தெரியாம இன்னா? ரெண்டு வர்சம் முன்னாடி வவுத்துல கல்லு எட்த்தார். ஒரு பைசா வாங்கல. நல்ல மன்சன். போன வாரம்கூட வந்து ஒரு காய்தத்துல கைநாட்டு வாங்கிக்கினு போனார். இன்னா காய்தம்னு கேட்டேன். ஆஸ்பத்திரிக் காய்தம்னு சொன்னார்."

'நல்ல மன்சன்' என்ற சொல் சண்முகவடிவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். புஷ்பம் அதைப் பார்த்துவிட்டாள்.

"இன்னாமா, மூஞ்சி ஏன் இப்படிக் கீது?"

"என் வீட்டுக்காரர் போயிட்டாக."

"எப்போ?"

"ஒண்ணேகால் வருசம் ஆகுது."

"எனுக்கு எட்டு வர்சம். கடல் எட்த்துக்கினு போச்சு." புஷ்பம் கூடையில் ஈ ஓட்டினாள். "கடலை யாரும் கோர்ட்டுக்கு இட்டுக்கினு போவ முடியாது. உனுக்கு ஆளு கீறானா?"

"இருக்கான்."

"அப்போ வுடாத," என்றாள் புஷ்பம். பிறகு அடுத்த ஆளைப் பார்த்து, "இன்னா சார், வஞ்சிரம் வோணுமா?" என்று கத்தப் போய்விட்டாள்.

"மெஷினை இவளுக்கு வச்சதா கணக்குக் காட்டத்தான் அந்தக் கைநாட்டு," என்றார் ஷரஃபுதீன், வண்டி அடையாற்றுப் பாலம் தாண்டும்போது.

*

நர்சிங் ஹோம் வாசலில் வாட்ச்மேன் வழிமறித்தான். வந்தவர்கள் யார், எதற்கு என்று எதுவுமே கேட்கவில்லை. நேராகக் கிச்சாவின் கையைத்தான் பார்த்தான்.

"ரேடியோ உள்ள எட்த்துக்கினு போவக்கூடாது சார். இங்க குட்த்துட்டுப் போங்க."

"ஏம்ப்பா, ஸ்கோர் கேட்டா நோயாளி செத்துப்போயிடுவானா? சரி, இந்த மேட்சோட ஸ்கோர் கேட்டா போயிடலாம்."

"மெஷினுங்க கெட்டுப் பூடுமாம். டாக்டர் ஆர்டர். எழுவத்திரண்டு தீவாளிலேர்ந்து இதே கதைதான். முன்னாடியெல்லாம் வெளி ஹால்ல பெரிய ரேடியோ பாடிக்கினே இருக்கும். டாக்டரே ஆசையா வாங்கி வெச்சது. அவரே எட்த்துக் கடாசிட்டார்."

ஷரஃபுதீன் உள்ளே போகவில்லை. திரும்பி வண்டியில் ஏறிக்கொண்டார். சண்முகவடிவுக்கு ஒன்றும் புரியவில்லை.

"உள்ள போகலியா? அந்த நெஞ்சைத் தேட வேண்டாமா?"

"அம்மா, உங்க வீட்டுக்காரருக்கு ஆபரேஷன் ஆனது எப்போ?"

"எழுபத்திரண்டு தீபாவளிக்கு ரெண்டு வாரம் முன்னாடி."

"ரேடியோ எந்த மெஷினையும் கெடுக்காது. அது கேக்க மட்டும்தான் செய்யும்," என்றார் ஷரஃபுதீன். "இந்த ஆஸ்பத்திரிக்குள்ளே யாரோ தன்னை ரேடியோ கேட்டுடுமோன்னு பயந்துக்கிட்டு இருக்காங்க. ஒருநாள் ரெண்டு நாள் வந்து போற ஆளுக்காக ரெண்டு வருஷம் ரேடியோவைத் தடுக்க மாட்டாங்க."

"உள்ளேயே யாராவது மந்திரியைப் படுக்க வெச்சிருக்காரோ?" என்றான் கிச்சா.

ஷரஃபுதீன் சண்முகவடிவின் பக்கம் திரும்பினார். "சாயங்காலம் அஞ்சு மணிக்கு மெஷினைக் கொண்டுவந்து தர்றதா டாக்டருக்கு போன் பண்ணிடுங்கம்மா. மெஷின் வந்த பெட்டியை இப்பவே எங்கிட்ட கொடுங்க."

"பெட்டி மட்டுமா?"

"பெட்டி மட்டும் போதும். மெஷின் உங்ககிட்டயே இருக்கட்டும். அப்புறம் அதோட வந்த அமெரிக்கா ரசீதையும் எடுத்துக்கிட்டு வாங்க."

அந்தப் பகல் முழுவதும் சண்முகவடிவு கடைக்குப் போகவில்லை. பெட்டியையும் ரசீதையும் எடுத்துக்கொடுத்துவிட்டு, தனியே ஒரு டாக்சியில் எங்கோ போய்விட்டு நாலரை மணிக்குத்தான் வந்தாள். எங்கே போனாள் என்று ஷரஃபுதீன் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

*

ஐந்து மணிக்கு வாட்ச்மேன் கிச்சாவின் சட்டைப்பை, இடுப்பு, கைக்குட்டை எல்லாம் தடவிப் பார்த்தான். ரேடியோ இல்லை. சண்முகவடிவின் கையிலிருந்த, அமெரிக்க முத்திரை குத்திய அட்டைப் பெட்டியை அவன் தொடவே இல்லை. பெட்டியைப் பார்த்ததும் சலாம் வைத்து உள்ளே அனுப்பினான். டாக்டர் அதற்காகத்தான் மதியத்திலிருந்து வாசலுக்கு வந்து வந்து போகிறாராம்.

டாக்டர் ஜவஹரின் அறையில் குளிர்சாதனம் இரைந்துகொண்டிருந்தது. இதயத்தைப் படம் பிடிக்கும் மெஷின் ஒரு மூலையில். பச்சைக் கோடு ஓடும் கண்ணாடித் திரை இன்னொரு மூலையில். சுவரெல்லாம் சட்டம் போட்ட சர்ட்டிபிகேட்டுகள். டாக்டருக்கு ஐம்பது வயதிருக்கும். முகம் நன்றாக வெளுத்திருந்தது. அவர் பக்கத்தில் வெள்ளைக் கோட்டில் ஓர் இளம் பெண் நின்றிருந்தாள்.

"டாக்டர் தங்கம், என் உதவியாளர்," என்று அறிமுகப்படுத்தினார். கண் பெட்டியை விட்டு நகரவில்லை. "இவங்க யாரு?"

"என் அண்ணன் முறை," என்றாள் சண்முகவடிவு ஷரஃபுதீனைக் காட்டி. கிச்சாவைக் காட்டி, "இது டிரைவர்."

கிச்சா பணிவாகக் கும்பிட்டான். டிரைவராகப் பதவி இறங்கியதில் அவனுக்கு ஒரு வருத்தமும் இருந்ததாகத் தெரியவில்லை.

"நீங்க செய்யறது பெரிய காரியம்," என்றார் டாக்டர். "இன்னும் பத்து வருஷத்துல நம்ம ஊர்லயே இதைச் செய்வாங்க. இருதயம் நின்னா மனுஷன் செத்தான்கிற காலமே போயிடும். அந்த ஏழைப் பொம்பளை உங்களை ஆயுசுக்கும் மறக்க மாட்டா."

"புஷ்பம்தானே? காலையில பாத்தேன்," என்றாள் சண்முகவடிவு.

டாக்டரின் முகம் ஒரு கணம் அசைந்தது. ஆனால் அதற்குள் அவள் பெட்டியை நீட்டிவிட்டாள். அவர் இரண்டு கையாலும் அதை வாங்கினார். யாராவது பிடுங்கிக்கொள்வார்களோ என்பதுபோல மார்போடு அணைத்துக்கொண்டார்.

டிக்.

டிக்.

டிக்.

மெல்லிய சத்தம்தான். பெட்டிக்குள்ளிருந்து வந்தது. குளிர்சாதன இரைச்சலையும் மீறி அறையிலிருந்த ஐந்து பேருக்கும் கேட்டது.

"பாத்தீங்களா?" டாக்டர் சிரிக்க முயன்றார். "மெஷின் ஓடிக்கிட்டிருக்கு. நல்ல சகுனம்."

"சார்..." தங்கம் குழப்பத்தோடு நெற்றியைச் சுருக்கினாள். "பேஸ்மேக்கருக்குச் சத்தமே கிடையாதே சார்."

"பெட்டியை மேஜைமேல வையுங்க டாக்டர்," என்றார் ஷரஃபுதீன்.

அவர் வைத்தார். சத்தம் நின்றது.

"மறுபடியும் எடுத்து அணைச்சுக்குங்க."

டாக்டர் எடுக்கவில்லை. கையை மேஜையிலேயே ஊன்றிக்கொண்டு நின்றார்.

சண்முகவடிவு பெட்டியைப் பிரித்தாள். பஞ்சுக்கு நடுவே கிச்சாவின் டிரான்சிஸ்டர் இருந்தது. ஸ்டேஷன் இல்லாத இடத்தில் திருப்பி வைத்திருந்தது; அதன் இரைச்சலைப் பஞ்சு அமுக்கியிருந்தது. இப்போதுதான் அவளுக்கு எல்லாம் விளங்கிற்று. மந்திரியும் இல்லை, மில் முதலாளியும் இல்லை. மேஜையைச் சுற்றிக்கொண்டு போனாள். ஐந்து மாதம் தினமும் காலையில் செய்து பழகிய கை. டிரான்சிஸ்டரை டாக்டரின் சட்டைமேல், இடது தோளுக்குச் சற்றுக் கீழே வைத்தாள். இடம் தேட வேண்டியிருக்கவில்லை.

டிக். டிக். டிக்.

"பாய், மணி பாருங்க," என்றாள்.

ஷரஃபுதீன் கடிகாரத்தைப் பார்த்தார். அவள் உதடு அசையாமல் எண்ணினாள். டாக்டர் விலகவில்லை. விலகினால் விழுந்துவிடுவார் போலிருந்தது. ஒரு நிமிஷம் முடிந்தது.

"அறுபத்தஞ்சு," என்றாள்.

அந்த எண்ணைக் கேட்டு முதலில் கலங்கியது தங்கம்தான். "சார், போன மாசம் எழுபதுன்னு சொன்னீங்களே! எங்கிட்டகூடப் பொய்யா?"

ஷரஃபுதீன் அவள் பக்கம் திரும்பினார். "அப்போ இவர் நெஞ்சில மெஷின் வச்சது நீங்கதானாம்மா?"

"ஆமா. ஒரு ஞாயித்துக்கிழமை. அமெரிக்காவுல மாநாட்டுக்குப் போனப்போ சொந்தமா வாங்கிட்டு வந்தேன்னார். தெரிஞ்சா நோயாளிங்க பயந்துடுவாங்க, யாருக்கும் சொல்லாதேன்னார். நான் முதல் தடவை தனியா வச்சது." அவள் குரல் தேய்ந்தது. "நம்பரைக்கூட டயரியிலே எழுதி வச்சிருக்கேன்."

"கடைசி மூணு எண் சொல்ல முடியுமா?"

தங்கம் கைப்பையிலிருந்து டயரியை எடுத்துப் புரட்டினாள். "நாலு, ஒண்ணு, ஏழு."

ஷரஃபுதீன் அமெரிக்க ரசீதை மேஜையில் விரித்தார். சுயம்புலிங்கம் என்ற பெயருக்கு நேரே இரண்டு எண்கள். ஒன்று 417-இல் முடிந்தது. மற்றது 418.

தங்கம் அதைப் படித்தாள். டயரியை மூடி மார்போடு வைத்துக்கொண்டாள். பிறகு சண்முகவடிவைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்தாள்.

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஆபரேஷன் நடுவிலே ஒருநாள் எனக்குக் கண் இருட்டிச்சு," என்றார் கடைசியில். "என் பேர்ல பர்மிட் கேட்டா எட்டு மாசம். எட்டு மாசம் நான் இருக்க மாட்டேன். ஊருக்கும் தெரிஞ்சுபோகும். இருதய டாக்டருக்கே இருதயம் சரியில்லைன்னா யார் வருவாங்க? எங்கிட்ட ஒரு மெஷின் இருந்தது. இறந்துபோன நோயாளியோடது. ஒரு வருஷம் தாங்கும்னு நினைச்சேன். அதுக்குள்ளே உங்களோட ரெண்டாவது வந்துடும், மாத்திடலாம்னு..." நிமிர்ந்து பார்த்தார். "அன்னிலேருந்து நூத்திப் பதினாலு பேர் இந்த ஆஸ்பத்திரியிலேருந்து உயிரோட நடந்து போயிருக்காங்க அம்மா. நான் இல்லைன்னா அவங்க இல்லை. உங்க வீட்டுக்காரர் இருந்திருந்தா..."

"புடவை வித்திருப்பாக," என்றாள் சண்முகவடிவு. "அதைத்தானே சொல்ல வாரீங்க?"

அவர் மேஜைமேலிருந்த ரசீதைத் தள்ளி வைத்தார்.

"அறுபத்தாறுன்னு ஓடி வந்து சொன்னேன். அப்பவாவது உண்மையைச் சொல்லியிருந்தா, கடையை வித்துட்டு வேற நாட்டுக்காவது கூட்டிக்கிட்டுப் போயிருப்பேன். சாமி கும்பிடச் சொன்னீங்க. நானும் கும்பிட்டேன். உங்க நல்லதுக்கும் சேத்துக் கும்பிட்டேன் டாக்டர். கபாலி கோவில்ல உங்க பேர்ல அர்ச்சனை பண்ணினேன்."

கிச்சா ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் மூடிக்கொண்டான். ஷரஃபுதீனோடு சேர்ந்த இந்த ஒன்பது வருஷத்தில் அது முதல் தடவை.

"போலீசைக் கூப்பிடுங்க, எழுதித் தர்றேன்," என்றார் டாக்டர். "எல்லாத்தையும் எழுதித் தர்றேன். ஆனா அந்த நானூத்திப் பதினெட்டு... அது எங்கே? அறுபத்தஞ்சுக்கு வந்துட்டா அப்புறம் வேகமா இறங்கும். தங்கம் வச்சுடுவா. ஜெயிலுக்குப் போறதுக்காவது நான் உயிரோட இருக்கணும் இல்லையா?"

ஷரஃபுதீனும் சண்முகவடிவைப் பார்த்தார். மெஷின் அவள் கைப்பையில் இருப்பதாகத்தான் அவரும் நினைத்திருந்தார்.

"மத்தியானமே கொடுத்துட்டேன்," என்றாள் அவள்.

"யாருக்கு?"

"அரசாங்க ஆஸ்பத்திரிக்கு. யார் நெஞ்சுன்னு அப்போ எனக்குத் தெரியாது. ஆனா யாராயிருந்தாலும் உங்க கை வழியாப் போகக்கூடாதுன்னு மட்டும் தெரியும். அங்கே பெரிய டாக்டர்கிட்ட ஒரு நோட்டு இருக்கு. மெஷின் வேணும்னு காத்துக்கிட்டு இருக்கிறவங்க பேரெல்லாம் வரிசையா எழுதியிருக்கு. பதினோரு பேரு. கையெழுத்து வாங்கிட்டுக் கொடுத்துட்டேன்."

டாக்டரின் கை மேஜை விளிம்பைப் பிடித்தது. "இது கொலை."

"இல்ல. இது வரிசை," என்றாள். "அவுகளுக்கு அஞ்சு மாசம் இருந்துச்சு. தெரியாமலே இருந்தாக. உங்களுக்கு எத்தனை நாள்னு உங்களுக்கே தெரியும். ரேடியோ வாங்கி வச்சுக்கிட்டு எண்ணுங்க. பன்னெண்டாவது இடம் காலியாத்தான் இருக்கு. போய் எழுதிக்கிடுங்க."

தங்கம் டெலிபோனை எடுத்தாள். போலீசுக்கு எண்களைச் சுழற்றினாள்.

*

பத்து நாள் கழித்து ஒரு திங்கட்கிழமை காலை. அரசாங்க ஆஸ்பத்திரியில் இருதயப் பிரிவு வெளிவராந்தா. பெஞ்சில் இடமில்லாமல் பாதிப் பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பெஞ்சின் கோடியில் டாக்டர் ஜவஹர். பக்கத்தில் ஒரு கான்ஸ்டபிள், பெஞ்சில் தாளம் போட்டுக்கொண்டு. டாக்டர் ஷேவ் செய்திருக்கவில்லை. கையில் துண்டுச் சீட்டு. அதில் பன்னிரண்டு என்று எழுதியிருந்தது. அடுத்த மெஷினுக்குப் பர்மிட் போட்டிருப்பதாகவும், வர மார்கழி ஆகலாம் என்றும் வராந்தாவில் பேசிக்கொண்டார்கள்.

சண்முகவடிவு எதிர்ச்சுவர் ஓரமாக நின்றிருந்தாள். ஷரஃபுதீன் வர வேண்டாம் என்றுதான் சொன்னார். வழக்கு முடிந்தது அம்மா, கடையைப் பாருங்க என்றார். அவள் கேட்கவில்லை. கடையைத் திறக்க ஆள் சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

கதவு திறந்தது. ஒரு நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

"இனாயத்! கிண்டி இனாயத்!"

நோட்டில் முதல் பேர் அது. தொழிற்பேட்டையில் லேத்தில் கடைசல் வேலை பார்க்கும் முப்பது வயது ஆள். நடந்தால் நாலாவது அடியில் கண் இருட்டும். மனைவி ஜமீலுன்னிசாவின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். இரண்டு பேருக்கும் நம்பிக்கை வரவில்லை. கூப்பிட்டது நம்மைத்தானா என்று மறுபடி ஒருமுறை கேட்டுக்கொண்டார்கள். பிறகு மெதுவாக, பெஞ்சுக் கோடியில் இருந்தவரின் முழங்காலில் இடித்துவிடாமல் ஒதுங்கி, உள்ளே போனார்கள்.

சண்முகவடிவு அவர்களைப் பார்க்கவில்லை. அவர்கள் போவதை டாக்டர் பார்ப்பதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள், கதவு சாத்தப்படும் வரைக்கும்.